முதல் சேலையை இயங்கலையில் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்தில் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு சேலை வாங்கப் போகிறவர்களுக்காக எழுதியது. அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டியதெல்லாம் கணக்கில் இல்லை.

முதல் சேலைக்கு எந்தத் துணி நல்லது?

வழுக்கவும் கூடாது, விறைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. ஷிஃபானும் ஜார்ஜெட்டும் கொசுவம் வைத்து முடிப்பதற்குள் விரலிலிருந்து நழுவிவிடும். ஆர்கன்சாவும் புதுக் கஞ்சி போட்ட பருத்தியும் வயிற்றுப் பக்கம் குடை மாதிரி விரிந்து நிற்கும். பழகாத கைக்கு ஏற்றது இரண்டுக்கும் நடுவில் உள்ளது: பருத்தியும் பட்டும் கலந்த சேலை, மெல்லிய கரை வைத்த மென்பட்டு, அல்லது இரண்டு மூன்று முறை துவைத்துப் பதமான பருத்தி. மடித்த மடிப்பு மடித்தபடியே நிற்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் எடுங்கள். குளிரூட்டிய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் என்றால் எதையும் கட்டலாம். தைப்பூசத்தன்று பத்துமலை வெயிலில் நிற்கவோ காலை ஆறு மணிக்குக் கோயிலுக்கு நடக்கவோ என்றால் பாலியெஸ்டர் கலந்த துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே பருத்திதான்.

இயங்கலையில் தேடுமுன் ஒரு சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியாவுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ, பினாங்கில் என்றால் லெபோ பாசார் பக்கமோ போய், நான்கைந்து வகைத் துணிகளைத் தொட்டுக் கசக்கிப் பாருங்கள். வாங்க வேண்டியதில்லை. விரலுக்குத் துணி தெரிந்துவிட்டால் திரையில் பார்ப்பது பாதி புரியும்.

காஞ்சிபுரம் பட்டையே முதலில் வாங்கினால் என்ன?

வாங்கலாம், ஆனால் நாங்கள் சொல்ல மாட்டோம். அடர்ந்த ஜரிகை போட்ட கல்யாணப் பட்டு ஒரு கிலோவை நெருங்கும். அந்தக் கனத்தில் கொசுவம் இறங்காமல் நிற்க உள்பாவாடை நாடாவை இறுக்கத் தெரிய வேண்டும், நடக்கும் நடை தெரிய வேண்டும். சாம்பார் தெறித்துவிடுமோ என்று சாப்பாட்டு மேசையில் ஒதுங்கி உட்காரும் சேலையில் யாரும் சேலை கட்டப் பழக முடியாது. பயமில்லாமல் பத்து முறை கட்டக்கூடிய ஒன்று முதலில் வரட்டும்.

"5.5 மீட்டர்", "6 மீட்டர்", "6.3 மீட்டர்" என்று ஒவ்வொரு கடையும் ஒன்று போடுகிறதே, எது சரி?

வழக்கமான கணக்கு, சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 0.8 மீட்டர், ஆக 6.3. "6.3 ரவிக்கைத் துணியோடு" என்றாலும் "5.5 + 0.8" என்றாலும் ஒன்றுதான். மாட்டிக்கொள்வது "5.5 மீட்டர், பிளவுஸ் பிட் உண்டு" என்று மட்டும் எழுதியிருக்கும் இடத்தில். அந்த 5.5-க்குள்ளேயே ரவிக்கைத் துணி இருந்தால், வெட்டிய பிறகு உங்களுக்கு மிஞ்சுவது 4.7.

4.7 ஏன் போதாது? இடுப்புச் சுற்றளவு 40 அங்குலம் உள்ளவருக்கு முதல் சுற்றுக்கு ஒரு மீட்டர் போய்விடும். ஐந்து அங்குல அகலத்தில் ஆறு கொசுவம் வைத்தால், ஒவ்வொன்றும் பத்து அங்குலத் துணியைத் தின்னும். அது ஒன்றரை மீட்டர். பின்பக்கம் சுற்றி மறுபடி மார்புக்கு வர ஒரு மீட்டருக்குச் சற்று மேல். தோளைத் தாண்டி முழங்காலின் பின்புறம்வரை முந்தானை விழ 1.4 மீட்டர். கூட்டினால் ஐந்து. 5.5-இல் அரை மீட்டர் கையிருப்பு. 4.7-இல் ஒரு கொசுவத்தைக் குறைக்க வேண்டும், அல்லது முந்தானை தொடைக்கு மேலேயே நின்றுவிடும். சுற்றளவு 48 அங்குலம் என்றால் இரண்டு சுற்றிலுமாக இன்னும் 0.4 மீட்டர் கூடும், அவர்களுக்கு 5.5 முழுசாக வேண்டும், ஒரு சாண் குறைந்தாலும் தெரியும்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "அக்கா, பிளவுஸ் பிட்டை வெட்டின பிறகு சேலை எத்தனை மீட்டர் இருக்கும்?" இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் வராத கடையில் மற்ற கேள்விகளைக் கேட்கத் தேவையில்லை.

நான் உயரம். அகலமும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். சேலையின் அகலம் பெரும்பாலும் 44 முதல் 47 அங்குலம். உள்பாவாடை கட்டும் இடத்திலிருந்து தரைவரை, நீங்கள் போடப்போகும் காலணியோடு நின்று அளங்கள். உள்ளே செருக மூன்று நான்கு அங்குலம் சேருங்கள். 41 வந்தால் மொத்தம் 45. அதற்கு 44 அங்குலச் சேலை கணுக்கால் காட்டும். விளக்கத்தில் பலரும் அகலத்தைப் போடுவதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

"ஆர்ட் சில்க்", "செமி சில்க்", "லிச்சி சில்க்" என்றால் என்ன? எல்லாம் பட்டுதானே?

இல்லை. "ஆர்ட் சில்க்" என்பதில் உள்ள ஆர்ட் கலையல்ல, செயற்கை என்ற ஆங்கிலச் சொல்லின் பாதி. ரேயானோ பாலியெஸ்டரோதான். "லிச்சி", "கேட்லாக்", "காஞ்சிபுரம் பாணி", "பட்டு ஃபீல்" எல்லாம் விற்பனைக்காக வைத்த பெயர்கள். நூல் என்னவென்று அவை சொல்வதில்லை. "செமி சில்க்" என்றால் எதில் பாதி என்று கேட்க வேண்டும்.

"சாஃப்ட் சில்க்"தான் குழப்பமானது. கோவைப் பக்கம் சிறுமுகையில் நெய்யும் மென்பட்டு உண்மையிலேயே பட்டு. அதே பெயரில் ஷோப்பியிலும் லசாடாவிலும் பாலியெஸ்டரும் விற்கிறது. நூறு ரிங்கிட்டுக்குத் தூய பட்டு, தூய ஜரிகை, கைத்தறி மூன்றும் ஒரே சேலையில் கிடைக்காது. நூல் விலையே அதற்குள் அடங்காது.

செயற்கைப் பட்டு வாங்குவது தப்பே இல்லை. வேலையிடத்துத் தீபாவளி விருந்துக்கு அது தாராளமாகப் போதும், துவைப்பதும் எளிது. பட்டு விலைக்கு அதை வாங்குவதுதான் தப்பு.

தூய பட்டு என்று எப்படி உறுதி செய்வது?

வாங்குமுன் பார்க்க வேண்டியது சில்க் மார்க் முத்திரை. இந்திய மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் 2004 முதல் கொடுக்கப்படுவது. சீட்டில் ஹோலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். அந்தச் சேலையில் தொங்கும் சீட்டையே எண் தெரியப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லாச் சேலைக்கும் ஒரே படத்தை அனுப்புகிறவர்கள் உண்டு. இன்னொன்று, இந்த முத்திரை பட்டு நூலுக்கு மட்டும்தான் சாட்சி. ஜரிகை தூயதா, கையால் நெய்ததா என்பதற்கு அது பொறுப்பில்லை.

சேலை கைக்கு வந்த பிறகு நெருப்புச் சோதனை. உள்முனை (இடுப்பில் செருகும் முனை) ஓரத்தில் பிரிந்து நிற்கும் இழைகளில் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று உருவுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்த வேண்டும். பாவு (நீள இழை) பட்டாகவும் ஊடை (குறுக்கு இழை) பாலியெஸ்டராகவும் இருக்கும் சேலைகள் நிறைய. பட்டு என்றால் முடி கருகும் வாடை, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரி. பாலியெஸ்டர் உருகி, கடினமான மணியாக உருளும். காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது ரேயான். தட்டில் வைத்துச் செய்யுங்கள், சேலையைத் தள்ளி வைத்துவிட்டு.

காஞ்சிபுரம் என்று விற்றால் பின்பக்கத்தையும் பாருங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலையில், இரண்டு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்ட இடம் பின்னால் சற்றுத் தடித்த கோடாகத் தெரியும்.

ஜரிகையில் எத்தனை வகை?

தூய ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குப் பொன் முலாம் பூசியது. "டெஸ்டட்" ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு, காலப்போக்கில் கறுக்கும். மூன்றாவது பிளாஸ்டிக் ஜரிகை. இலேசானது, கறுக்காது, ஆனால் கழுத்தோரம் குத்தும். தூய ஜரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும் என்பார்கள். பிளாஸ்டிக் ஜரிகைக்குள்ளும் சிவப்பு நூல் வைப்பதுண்டு, அதனால் அதை மட்டும் நம்பி விலை கொடுக்க வேண்டாம். முதல் சேலைக்கு இது பெரிய கவலையே இல்லை.

படத்தில் அரக்கு, கையில் வந்தது ரோஜா. ஏன் இப்படி ஆகிறது?

மூன்று காரணங்கள். ஒன்று விளக்கு: வட்ட விளக்கு முன்னால் பிடித்த சேலை எப்போதும் வெளிறியோ பளபளத்தோதான் தெரியும். இரண்டு உங்கள் கைப்பேசி: இரவில் கண்ணுக்கு இதமாக மஞ்சளாக மாறும் அமைப்பு போட்டிருந்தால் எல்லா நீலமும் பச்சை சாயும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாவது சேலையே. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த இரட்டை நிறச் சேலை பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும். மயில்கழுத்து நிறம் அப்படித்தான். நேரே பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. அதை எந்தப் படமும் ஒரே நிறமாகத்தான் காட்டும்.

கேட்க வேண்டியது படமல்ல, பதினைந்து விநாடிக் காணொளி: சன்னல் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், சேலைமேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து. அந்தக் காகிதம் உங்கள் திரையில் வெள்ளையாகத் தெரிந்தால் சேலை நிறமும் ஏறக்குறைய சரி. காகிதம் மஞ்சளடித்தால் சேலையிலும் அந்த அளவுக்கு மஞ்சளைக் கழித்துப் பார்க்க வேண்டியது. புலனத்தில் இப்படிச் செய்தி அனுப்பினால் போதும்:

"வணக்கம் அக்கா. இந்தச் சேலைய சன்னல்கிட்ட வெச்சு ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? மேல ஒரு வெள்ளப் பேப்பர் வைங்க. முந்தானைய முழுசா விரிச்சு, பின்பக்கமும் காட்டுங்க. பிளவுஸ் பிட்டு எந்த நிறம்னும் பார்க்கணும்."

நிறத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதும் உதவும். "பிங்க்" என்றால் பத்து நிறம். வாடாமல்லியா, தாமரையா, வெங்காயத் தோல் நிறமா என்று கேட்டால் கடைக்கார அக்காவே "இல்லம்மா, இது கொஞ்சம் நாவல்பழம் அடிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிடுவார்.

முகநூல், டிக்டாக் நேரலையில் வாங்கலாமா?

துணி ஆடுவதையும் விழுவதையும் பார்க்க நேரலை நல்லது; படத்தில் அது தெரியாது. கெட்டது அவசரம். "இன்னும் ரெண்டு பீஸ்தான்" என்றதும் கோட் போட்டுவிட்டு (வாங்குகிறேன் என்று சேலையின் குறியீட்டைக் கருத்துப் பெட்டியில் தட்டுவது), நீளம் கேட்க மறந்துவிடுவார்கள். கோட் போடுமுன் நூல், நீளம், மாற்றிக் கொடுப்பார்களா என்ற மூன்றையும் கருத்துப் பெட்டியில் கேளுங்கள், அவர் வாயால் சொல்லும்போது திரையைப் பதிவு செய்யுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அதுதான் உங்கள் ரசீது.

விலைக்கு மேல் என்னென்ன செலவு வரும்?

இந்தியாவிலிருந்து நேரே வாங்கினால் வரி. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இயங்கலை வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு செய்த தளங்கள் பணம் கட்டும்போதே பிடித்துக்கொள்ளும். 180 ரிங்கிட் சேலை 198 ஆகும். 500-ஐத் தாண்டினால் சுங்க நடைமுறை வேறு, கூரியர் நிறுவனம் கையாளும் கட்டணமும் கேட்கலாம். அஞ்சல் செலவு எடையைப் பொறுத்தது, அதனால் சேலையின் எடையைக் கேட்பது இரண்டு விதத்தில் உதவும்.

சேலை வந்த பிறகு ஃபால்ஸ் (அடி விளிம்பின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணிப் பட்டை), ஓரத்துக்கு பீக்கோ (இழை பிரியாமல் இருக்கப் போடும் தையல்), உள்பாவாடை, ரவிக்கைத் தையல். உள்துணி வைத்து, முதுகில் வேலைப்பாடு கேட்டால் தையல் கூலி சேலை விலையையே தாண்டும். இருநூறு வெள்ளி கையில் இருந்தால் இருநூறுக்குச் சேலை பார்க்காதீர்கள்.

கடை நம்பகமானதா என்று எப்படித் தெரியும்?

மலேசியாவில் இயங்கலையில் விற்பவர் தன் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை, பொருளின் தன்மை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது சட்ட விதி. பதிவு எண் இல்லாத பக்கத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால், காவல்துறையின் "செமாக் மியூல்" தளத்தில் அந்த எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள், முன்பே புகார் இருந்தால் காட்டும். கடைப் பெயர் ஒன்று, கணக்கு வேறொரு தனிநபர் பெயரில் என்றால் காரணம் கேளுங்கள்.

தளத்துக்குள்ளேயே பணம் கட்டுவது பாதுகாப்பு. பொருள் வந்துவிட்டது என்று நீங்கள் உறுதி சொல்லும்வரை, அல்லது கெடு முடியும்வரை, பணம் கடைக்குப் போகாது. "வெளியே பேங்க்ல போட்டா பத்து வெள்ளி குறைச்சுத் தரேன்" என்றால் அந்தப் பத்து வெள்ளிக்கு உங்கள் பாதுகாப்பை விற்கிறீர்கள்.

பொட்டலம் வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

வெட்டாத, நிறுத்தாத ஒரே காணொளி. கூரியர் சீட்டில் தொடங்கி, பொட்டலத்தின் எல்லாப் பக்கமும் காட்டி, கத்தரித்து, சேலையை முழுக்க விரிப்பதுவரை. பிறகு தரையில் பாயோ துணியோ விரித்து, நாடா வைத்து நீளமும் அகலமும் அளங்கள். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஓட்டைகள் தெரியும். மடிப்புக் கோடுகளை விரலால் தடவுங்கள். கடையில் நெடுநாள் கிடந்த டிஷ்யூ, ஆர்கன்சா சேலைகள் அந்தக் கோட்டில்தான் கிழியும்.

கைத்தறிச் சேலையில் அங்கங்கே சிறு முடிச்சு, ஓரிடத்தில் ஊடை சற்றுத் தடிப்பது குறையல்ல. ஓட்டை, கறை, இழுபட்ட இழை, முந்தானைக்கும் உடலுக்கும் பொருந்தாத கரை குறைதான். இதெல்லாம் முடியும்வரை "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை அழுத்தாதீர்கள், சீட்டைப் பிய்க்காதீர்கள், கட்டிப் பார்க்காதீர்கள்.

குறையிருந்து, கடை திரும்ப எடுக்க மறுத்தால்?

மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுப்பது கடையின் விருப்பம். விவரித்தபடி இல்லாத அல்லது குறையுள்ள பொருள் வேறு. அதற்கு 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு, "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது" என்று எழுதி வைத்தாலும் கடை அதிலிருந்து நழுவ முடியாது. முதலில் தளத்தில் கெடுவுக்குள் புகார் செய்யுங்கள். நடக்கவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம்: 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட்வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் முறையிடலாம். இதெல்லாம் உள்நாட்டு விற்பனையாளருக்கு. கடல் கடந்த கடையைத் தீர்ப்பாயத்துக்கு இழுப்பது நடக்காத காரியம். அங்கே தளமும் கடன் அட்டையும்தான் துணை.

குறையில்லை, மோசடியே என்றால், பணம் போனது தெரிந்த கணமே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். மறுநாள் காலை என்று தள்ளினால் பணம் கணக்கு மாறியிருக்கும்.

ரவிக்கைத் துணியை எங்கே வெட்டுவது? 80 சென்டிமீட்டர் போதுமா?

சில சேலைகளில் உள்முனையிலும் சிலவற்றில் முந்தானைக்கு அப்பாலும் இருக்கும். சேர்கிற இடத்தில் வெறும் பாவு இழைகள் மட்டும் தெரியும் இடைவெளியோ நெய்த கோடோ இருக்கும். தெரியவில்லை என்றால் வெட்டாமல் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். முந்தானையை ரவிக்கை என்று வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு என்பார் அவர். மார்பளவு 40 அங்குலத்துக்கு மேல், முழங்கைவரை கை என்றால் 80 போதாது, ஒரு மீட்டர் வேண்டும். கைக்கு மட்டும் வேறு துணி சேர்ப்பது ஒரு வழி.

ஃபால்ஸ் துணியை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி, சேலையின் அடி அலை அலையாக இழுத்துக்கொள்ளும்.

உள்பாவாடை?

பருத்தி, சேலை நிறம், நாடா வைத்தது. சாட்டின் வேண்டாம், சேலை அதில் நிற்காது.

தைத்து வைத்த சேலை, முன்மடிப்புச் சேலை வாங்கலாமா?

தைத்த சேலை பாவாடை மாதிரி மாட்டிக்கொள்வது. இடுப்பு, இடை, உயரம் மூன்றும் பொருந்தினால் வசதிதான், ஆனால் உடம்பு இரண்டு அங்குலம் கூடினால் பிரிக்க வேண்டும். விலையுயர்ந்த சேலையைத் தைத்துவிடாதீர்கள். அதைவிட, உங்கள் சேலையையே அளவுக்கேற்ப மடித்து இஸ்திரி போட்டுக் கொடுக்கும் மடிப்புச் சேவை இங்கே நிறைய இருக்கிறது. உங்கள் இடுப்பளவையும் உயரத்தையும் சொல்லிக் கொடுத்தால், காலையில் பத்து நிமிடத்தில் கட்டி முடித்துவிடலாம்.

தீபாவளிக்கு எப்போது வாங்க வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். பல தையல்காரர்கள் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே புது வேலை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். திருப்பி அனுப்பி மாற்று வாங்க இரண்டு வாரம். இந்தியாவிலிருந்து வர இரண்டு வாரம், சுங்கத்தில் நின்றால் மேலும். ஆக, வெளிநாட்டிலிருந்து என்றால் இரண்டு மாதம் முன்பு, உள்நாட்டில் என்றால் ஆறு வாரம் முன்பு. முன்பதிவுக்குப் பாதிப் பணம் கேட்கும் கடையிடம் வந்து சேரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் துவைப்பும் பாதுகாப்பும்?

பருத்தியைத் தனியாக, ஒரு கை கல்லுப்பு போட்ட குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். சாயம் போனால் பயப்பட வேண்டாம், ஆனால் முறுக்கிப் பிழிந்து வாளியில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஈரத்தோடு மடிந்து கிடந்தால் கரைச் சாயம் உடலில் ஏறிவிடும். நிழலில் காயட்டும். பட்டை டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறை கட்டியதும் அல்ல. கட்டிக் கழற்றியதும் வியர்வை உலரும்வரை மின்விசிறிக் காற்றில் போட்டுவிட்டு மடியுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் உறைதான் எதிரி. உள்ளே பூஞ்சணம் பூக்கும். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். அந்துருண்டை ஜரிகையில் பட வேண்டாம், வாசனைத் திரவியத்தைச் சேலைமேல் அடிக்கவும் வேண்டாம். இரண்டும் ஜரிகையைக் கறுக்கவைக்கும். சில்க் மார்க் சீட்டையும் ரசீதையும் அந்த மடிப்புக்குள்ளேயே போட்டு வையுங்கள்.